பெண் அரியணை ஏறும் சீனக் கதை: தாங் அரண்மனையா, யுவான் கலகமா?

அதிகார வேட்கை கொண்ட பெண்ணை வைத்துச் சீன மாயப் புனைவு எழுதுவோர் பலரும் கதையைத் தாங் அரசமரபின் காலத்தில் வைப்பதா, யுவான் அரசமரபின் இறுதியில் நடந்த கலகக் காலத்தில் வைப்பதா என்ற இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

ஏறும் வழி
தாங்: அந்தப்புரம். வூ செத்தியான் 690இல் பெண்ணாகவே பேரரசரானார், ஆண்வேடம் தேவையில்லை.
யுவான் இறுதி: புத்த மடம், பிறகு படை. 1344 பஞ்சத்தில் மடத்தில் சேர்ந்த ஏழை சூ யுவான்சாங், 1368இல் யுவானை அடுத்த மிங் அரசமரபின் முதல் பேரரசர். அந்த இடத்தில் ஆண்வேடப் பெண்ணைப் பொருத்தலாம்.

மாயம்
இரண்டிலும் மைத்ரேயர் (இனி வரப்போகும் புத்தர்) வருகை பற்றிய நம்பிக்கை கைகொடுக்கும். வூவும் அதைப் பயன்படுத்தினார், யுவான் ஆட்சியை எதிர்த்த செந்தலைப்பாகைக் கலகக்காரர்களும்தான்!

சறுக்கல்
தாங்: பெண்களின் பாதங்களை இறுகக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் அப்போது இல்லை.
யுவான்: சமையலில் மிளகாய் கூடாது, அது அப்போது சீனாவுக்கு வரவில்லை. குளியல், மாதவிடாய், காயம் மூன்றையும் ஆண்வேட நாயகி எப்படி மறைக்கிறாள் என்று முதல் அத்தியாயங்களிலேயே காட்டாவிட்டால் வேடம் எடுபடாது.

சூழ்ச்சியும் உரையாடலும் கைவருமென்றால் தாங்; போரும் உடல் குறித்த குழப்பமும் வேண்டுமென்றால் யுவான்.