மைக்ரேனுக்கு மூக்கு ஸ்ப்ரே: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) வந்ததும் அடிக்கும் சுமாட்ரிப்டான் என்ற மருந்தின் மூக்கு ஸ்ப்ரேயைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எனக்கு நன்றாகவே பலன் தருகிறது. வாந்தியோடு வரும் மைக்ரேனில் மாத்திரை வயிற்றில் தங்காது. தங்கினாலும் அந்த நேரத்தில் இரைப்பை மந்தமாகிவிடுவதால் மருந்து ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். அதற்காகத்தான் டாக்டர் இதற்கு மாற்றினார்.

"மூக்கில் அடிக்கிற மருந்துதானே, சளி ஸ்ப்ரே மாதிரி" என்று பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அது தவறு. மூக்கு வழியே போனாலும் மருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது. சுமாட்ரிப்டான், ஸோல்மிட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. தலையில் விரிந்த குழாய் சுருங்குவது நல்லதுதான். இதயத்துக்குப் போகும் குழாயும் கொஞ்சம் சுருங்கும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஆகவே மாரடைப்பு, ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் குறைவதால் வரும் நெஞ்சுவலி), பக்கவாதம், வந்து தானாகச் சரியான மினி ஸ்ட்ரோக், கால் ரத்தக் குழாய் அடைப்பு, கட்டுக்குள் வராத பிரஷர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்த வகை வேண்டாம். மைக்ரேன் வரும்போது ஒரு பக்கக் கை கால் செயலிழக்கும் வகை இருப்பவர்களுக்கும், கல்லீரல் பாதிப்பு தீவிரமாக உள்ளவர்களுக்கும் இது ஆகாது.

இதய நோய் இல்லை, ஆனால் சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு என்று இருந்தால்? முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதல் டோஸை மருத்துவர் முன்னிலையில் எடுத்து, உடனே ஈசிஜி பார்ப்பதும் உண்டு. அதைத் தேவையற்ற செலவு என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள்.

அடுத்தது, கூடவே சாப்பிடும் மற்ற மருந்துகள். மைக்ரேன் வராமல் தடுக்க எனக்கு வென்லாஃபாக்சின் (மனச்சோர்வுக்கும் தரும் மாத்திரை) தொடங்கியபோது, டாக்டர் ஸ்ப்ரேயைப் பற்றியும் மறுபடி முதலிலிருந்து பேசினார். இரண்டும் சேரும்போது அரிதாக உடலில் செரடோனின் என்ற ரசாயனம் அளவு மீறிப்போகலாம். படபடப்பு, நடுக்கம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குழப்பம் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். செர்ட்ராலின், எசிடாலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இதே கவனம் தேவை. மோக்ளோபெமைட் போன்ற எம்.ஏ.ஓ. தடுப்பான்களை (இன்னொரு வகை மனச்சோர்வு மருந்து) நிறுத்தி 2 வாரம் ஆகாமல் சுமாட்ரிப்டான் தொடவே கூடாது. எர்கோட்டமின் என்ற பழைய மைக்ரேன் மருந்தை எடுத்திருந்தால் 24 மணி நேர இடைவெளி வேண்டும். ஒருமுறை டாக்டர் சரி என்றது என்றென்றைக்கும் சரியாகாது. வயது கூடுகிறது, பிரஷர் மாறுகிறது, புது மாத்திரை சேர்கிறது. மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நான் பிரஷர் பார்த்துக்கொள்கிறேன்.

அடிக்கும் முறையும் முக்கியம். என்னுடையது ஒரே டோஸ் உள்ள கருவி. வேலை செய்கிறதா என்று காற்றில் அழுத்திப் பார்த்தால் மருந்து போய்விடும். மூக்கைச் சிந்தி, ஒரு துவாரத்தை மூடி, மெல்ல மூச்சை இழுத்தபடி அழுத்தி, 10 முதல் 20 விநாடி தலையை நேராக வைத்திருப்பேன். தலையைச் சாய்த்து உறிஞ்சினால் மருந்து தொண்டைக்கு இறங்கும், அந்தக் கசப்பு லேசில் போகாது.

20 மி.கி. அடித்து வலி குறைந்து திரும்பி வந்தால் மட்டுமே, 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. 24 மணி நேரத்தில் 40 மி.கி.க்கு மேல் கூடாது. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து பயன்படுத்தினால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். காலண்டரில் குறித்துவைப்பது அதற்காகவே.

2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜாவெஜெபான்ட் என்ற மைக்ரேன் மூக்கு ஸ்ப்ரே வேறு வகை, டிரிப்டான் இல்லை. ஆனால் 24 மணி நேரத்தில் ஒரு டோஸ்தான். மூக்கடைப்பு ஸ்ப்ரேயைச் சேர்த்து அடித்தால் மருந்து சரியாக ஏறாமல் போகலாம்.

ஸ்ப்ரேக்குப் பிறகு எனக்குக் கழுத்தில் ஒரு பாரம் தெரியும், சற்று நேரத்தில் விலகிவிடும். இது என்னவென்று டாக்டரிடம் கேட்ட பிறகுதான் நிம்மதியானேன். நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், வியர்வை என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வழக்கத்துக்கு மாறாக, திடீரென உச்சத்தில் தொடங்கும் தலைவலிக்கும் ஸ்ப்ரேயைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.