ரவையை மாற்றப் போனோம், அப்பாவின் எண்ணுக்கு ஓடிபி போனது

இந்த முறை ஊருக்குப் போனபோது முக்கால்வாசி வேலைகள் சுலபமாக முடிந்துவிட்டன. வங்கி, ஆதார், வீட்டு வரி எதிலும் அலைச்சல் இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது ஒரு கிலோ ரவை.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இருபது வருஷத்துக்கு மேலாக மளிகை வந்த கடை அது. பெயர் வேண்டாம். ஒரு குடும்பம் நடத்திய கடை, அக்கம்பக்கத்தில் சில கிளைகளும் இருந்தன. இப்போது அது கைமாறிவிட்டது. பலகையில் பெயர் அதேதான், எழுத்தும் நிறமும் மட்டும் வேறு.

பழைய வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். மாதம் பிறந்தால் அப்பா பழைய டைரித் தாளில் லிஸ்ட் எழுதுவார். து.ப. 2, உ.ப. 1½, கடுகு 100, பெருங்காயம் கட்டி. காலையில் போனில் வாசித்தால் சாயங்காலம் எக்ஸ்எல் வண்டியில் அட்டைப்பெட்டி வந்து இறங்கும். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் போட்டுச் சரிபார்ப்பார். பிடிக்காதது அதே வண்டியில் திரும்பிப் போகும், அடுத்த மாத பில்லில் கழியும். கடை சூப்பர்வைசர் சில சமயம் தானே கூப்பிடுவார்: "டீச்சரம்மா, உளுந்து பழசுதான் இருக்கு. நாளைக்குப் புது மூட்டை பிரிக்கிறோம், அதுல அனுப்பட்டுமா?" அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு லிஸ்ட்டில் வெல்லம் கூடினால்கூட, "வீட்டுல விசேஷமா சார்?" என்று கேட்பார். தீபாவளிக்கு எவர்சில்வர் டப்பா, புது வருஷத்துக்குத் தினசரிக் காலண்டர். பாயிண்ட்ஸ் அட்டை வந்தது பிற்பாடுதான். அதையும் அப்பாவின் செல் எண்ணில்தான் பதிந்தார்கள். வீட்டில் முதலில் செல் வாங்கியது அவர்தானே.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது.

இப்போது போனில் லிஸ்ட் எடுப்பதில்லை, ஆப்பில்தான் போட வேண்டுமாம். அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் நேரில் போய் வாங்கினோம். கவுண்டரில் எண் கேட்டார்கள். அம்மா வாயிலிருந்து தன்னால் வந்தது அப்பாவின் எண். அத்தனை வருஷப் பழக்கம். பில் வந்தது, பணம் கட்டினோம், வந்துவிட்டோம்.

மறுநாள் காலை உப்புமாவுக்கு ரவையைப் பிரித்தால் அங்கங்கே நூல் கட்டிக் கட்டியாக இருந்தது. அம்மா சல்லடையில் சலித்து வெள்ளைத் தட்டில் கொட்டிக் காட்டினார். பொடிப் பொடியாகப் பழுப்பு வண்டுகள், நாலைந்து இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. பாக்கெட்டில் போட்டிருந்த தேதி முடிய இன்னும் நாள் இருந்தது. ரவையில் வண்டு வருவது உலக அதிசயம் இல்லை, சென்னை வெக்கைக்கு எந்தக் கடையிலும் வரும். மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது.

பாக்கெட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் போனோம். கஸ்டமர் சர்வீஸில் ஒரு இளைஞர், மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். பில்லை ஸ்கேன் செய்தார். "எக்ஸ்சேஞ்ச் பண்ண ஓடிபி வேணும் மேடம், அனுப்பிட்டேன், சொல்லுங்க" என்றார். எந்த எண்ணுக்கு என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார். அப்பாவின் எண்.

அந்த எண்ணை நாங்கள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு ரொம்ப நாள் ஆயிற்று. அப்படி விட்ட எண்ணை நிறுவனம் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். என்ன தோன்றியதோ, என் போனில் அந்த எண்ணைப் போட்டேன். என் போனில் அது இன்னும் 'அப்பா' என்றுதான் இருக்கிறது. ஒரு பையன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். "ஓடிபி வந்துச்சுக்கா. ஆனா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்றான். அவன் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவும் கேட்டார். அந்த எண்ணிலிருந்து இன்னொரு குரல் வந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எண்ணை மாற்றிக் கொடுங்கள் என்றேன். எண்ணை மாற்றவும் பழைய எண்ணுக்குத்தான் ஓடிபி போகும் என்றார் அந்த இளைஞர். மேனேஜர் வந்தார். பில் கையில் இருக்கிறது, பாக்கெட் கையில் இருக்கிறது, வண்டு கண்ணுக்குத் தெரிகிறது. "சிஸ்டம் அலோ பண்ணாது மேடம், ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்க" என்றார். அட்டையில் இருந்த பாயிண்ட்ஸையும் கேட்டேன். பழைய நிர்வாகத்தின் பாயிண்ட்ஸ் புதுத் திட்டத்துக்கு வராதாம். ஆக, அம்மாவின் இருபது வருஷத்தில் புது முதலாளிக்கு வேண்டியிருந்தது அந்தப் பத்து இலக்கம் மட்டும்தான், அதுவும் எங்கள் கையில் இல்லாத எண்.

அப்போது அரிசிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா ஓடி வந்தார். பழைய கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது அடுக்கும் வேலையில் இருக்கிறார். "டீச்சரம்மா, முட்டி வலி எப்படி இருக்கு? சார் போனதுக்கு நான் வர முடியலம்மா" என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "முன்னாடின்னா நானே மாத்திக் குடுத்திருப்பேன். இப்ப நான் சொன்னா யாரு கேப்பாங்க?" என்றார். இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையாகவே வலித்தது அந்த இடம்தான். அம்மா யாரென்று தெரிந்த ஒரே ஆளுக்கு அங்கே ஒரு ரவைப் பாக்கெட்டை மாற்றும் அதிகாரம் இல்லை.

நான் இருப்பது அமெரிக்காவில், பாஸ்டனுக்கு வடக்கே. அங்கே எங்கள் வட்டாரக் கடை மார்க்கெட் பாஸ்கெட். 1917இல் லோவல் நகரில் ஒரு கிரேக்கக் குடும்பம் தொடங்கியது. அட்டை கிடையாது, பாயிண்ட்ஸ் கிடையாது, என் போன் எண் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களையும் வைக்கவில்லை. பில் போட ஒரு ஆள், பையில் அடுக்க ஒரு ஆள். கெட்டுப்போன பொருளைப் பில்லோடு கொண்டுபோனால் எனக்கு இதுவரை பேச்சில்லாமல் பணம் திரும்பியிருக்கிறது.

அந்தக் கடைக்கும் சொத்துத் தகராறு வந்தது. பங்காளிச் சண்டை, நம் ஊரில் நடப்பது மாதிரியேதான். 2014 ஜூனில் ஆர்தர் டி. டெமூலஸைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். எதிர்ப் பக்கம் இருந்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர், அவர் பெயரும் ஆர்தர். அவரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஊழியர்கள் வேலைக்குப் போகவில்லை, தட்டுகள் காலியாயின. ஊழியர்களுக்குத் தொழிற்சங்கமே கிடையாது. வாடிக்கையாளர்கள் கடையைப் புறக்கணித்தார்கள். வேறு கடையில் வாங்கிய பில்களைக் கொண்டுவந்து இந்தக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். எங்கள் காசு எங்கே போகிறது பார், என்று காட்டத்தான். எங்கள் வீட்டுப் பில்லும் அதில் ஒன்று. ஆகஸ்ட் கடைசியில் நீக்கப்பட்ட ஆர்தரே மற்ற பங்குகளை 150 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொள்ள ஒப்பந்தமாயிற்று. அங்கேயும் கதை சுபமாக முடியவில்லை. இந்த முறை சகோதரிகளோடு தகராறு, 2025 செப்டம்பரில் அவரை மறுபடி நீக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு கடை யார் கைக்குப் போகிறது என்பது அங்கே சாமான் வாங்குகிறவர்களின் விஷயமும்தான் என்று அந்தக் கோடையில் ஜனங்கள் தெருவில் நின்று காட்டினார்கள். அதைக் கண்ணால் பார்த்ததால்தான் குரோம்பேட்டையில் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

சென்னைக்காரர்களுக்குக் கடை கைமாறுவது புதிதில்லை. 1996இல் ஆர்பிஜி குழுமம் ஃபுட்வேர்ல்டைத் தொடங்கியபோது தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு மளிகை வாங்குவதே எங்களுக்குத் திருவிழா. ஹாங்காங்கின் டெய்ரி ஃபார்ம் என்ற சில்லறை வணிக நிறுவனம் அதில் கூட்டு சேர்ந்தது, பிறகு பிரிந்தது. ஃபுட்வேர்ல்டு என்ற பெயர் ஒரு பக்கம் போக, எங்கள் பக்கத்துக் கடைகளில் ஸ்பென்சர்ஸ் பலகை ஏறியது. 1997இல் திருவான்மியூரில் தொடங்கிய சுபிக்ஷா, ஏசி இல்லை, அலங்காரம் இல்லை, விலை மட்டும் குறைவு என்று நடுத்தரக் குடும்பங்களை அள்ளியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாடு முழுக்க 1,600 கடை என்று பரவி, 2009இல் கையில் பணம் இல்லாமல் மொத்தமாக மூடியது. என் அப்பா அதில் வாங்கியதில்லை. "சாமான் குடுக்கிறவன் முகம் தெரியணும்" என்பார்.

எனக்கு மனசு ஒட்டியது நீல்கிரிஸில். 1905இல் நீலகிரி மலையில் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய முதலியார் குடும்பத்துக் கடை. 1936இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்குப் போனது. அந்த ரொட்டி வாசனையும் வெண்ணெயும் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். நூறு வருஷம் குடும்பத்திடம் இருந்த பெயர் பிறகு ஆக்டிஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் போனது. 2014இல் சுமார் 300 கோடி ரூபாய்க்கு ஃப்யூச்சர் குழுமம் வாங்கியது. அப்புறம் ஃப்யூச்சரே நொடித்து, 2022இல் அதன் பிக் பஜார் கடைகள் பலவற்றை ரிலையன்ஸ் எடுத்துக்கொண்டது. கோவையின் கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோரும் இப்போது ரிலையன்ஸ் கையில்தான். கோவை பழமுதிர் நிலையத்தில் பெரும்பங்கு 2022 முதல் வெஸ்ட்பிரிட்ஜ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் இருக்கிறது.

விற்பதைக் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனால் பெரியவர்கள் எத்தனை காலம் கடையைக் கட்டி இழுப்பார்கள்? பெரிய கையில் போனால் சம்பளம் ஒழுங்காக வரலாம், கழிப்பறை சுத்தமாக இருக்கலாம். ஆனால் கடையை வாங்குகிறவர்கள் பெயரையும் இடத்தையும் எண்களையும் கணக்குப் பார்த்து விலை பேசுகிறார்கள். டீச்சரம்மாவுக்குப் புது உளுந்துதான் வேண்டும் என்று தெரிந்த அந்த அக்காவை அரிசி அடுக்க அனுப்பிவிடுகிறார்கள். பிறகு அதே வாடிக்கையாளரைத் தக்கவைக்க ஆப்பும் பாயிண்ட்ஸும் செய்து காசைக் கொட்டுகிறார்கள். எனக்கு இது வியாபாரமாகவும் புரியவில்லை.

ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டேன். நான் பாஸ்டன் திரும்பிய பிறகு பதில் வந்தது. பதிவு செய்தவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்ப வேண்டுமாம், பரிசீலிப்பார்களாம். அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "பென்ஷனுக்குக் குடுத்தேன், பேங்க்குக்குக் குடுத்தேன். ரவைக்குக் குடுக்கமாட்டேன்" என்றார். நானும் பதில் எழுதவில்லை.

இப்போது லிஸ்ட் எதிர்த் தெரு அண்ணாச்சி கடைக்குப் போகிறது. அம்மா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார், அண்ணாச்சியின் மகன் எழுதிக்கொள்கிறான். விலை ஒன்றிரண்டு ரூபாய் கூடத்தான். முதல் மாதமே துவரம்பருப்பு நன்றாக வேகவில்லை என்று திருப்பிக் கொடுத்தார், எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடு அங்கே மாறிவிட்டது. யாரும் கண்ணாடியில் பில் ஒட்டவில்லை, பழைய கடையின் புது முதலாளிக்குத் தெரியவும் தெரியாது.

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் கேஸ், மின்சாரம், வங்கி, மருந்துக்கடை, மளிகைக்கடை எல்லாம் யார் எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். கடையில் எண் கேட்டால் தரவேண்டிய கட்டாயமில்லை. எண் தராததற்காகச் சேவையை மறுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023லேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.