மாத்திரை வேண்டாம், எங்கள் பவுடர் போதும் என்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் உடல் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் வீட்டாரும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "மருத்துவமனை கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள், எல்லாச் சத்தும் எங்கள் பவுடரிலேயே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பேச்சை நம்பி என் அக்கா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அக்காவுக்குச் செய்தது பைபாஸ் முறை. இரைப்பையின் மேற்பகுதியை ஒரு சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே கொண்டுபோய் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தொடாமலே இறங்கிவிடும். இரும்புச் சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். பி12 உடம்பில் சேர வேண்டுமானால் இரைப்பையின் சுரப்பு வேண்டும், அதுவும் குறைந்துபோகிறது. அதனால்தான் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டும். அக்காவின் டாக்டர் இதைத் தெளிவாகச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். சிகிச்சையில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

திரவ உணவு முடிந்து, மசித்த உணவுக்கு மாறிய சமயத்தில் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் தன்னை உணவு ஆலோசகர் என்றார். அக்காவின் பெயர், செய்த சிகிச்சை, நடந்த தேதி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்டதும் மருத்துவமனையிலிருந்துதான் அழைக்கிறார்கள் என்று அக்கா நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒரு நோயாளியின் விவரம் வியாபாரியின் கைக்கு எப்படிப் போனது என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

புதுச்சேரியில் அவர்களுடைய இடத்துக்கு வரச் சொன்னார்கள். குளுகுளு அறை, வெள்ளைக் கோட்டு, சுவர் முழுக்க இளைத்தவர்களின் படங்கள். மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய், முழுத் தொகையும் முன்பணமாக. "ஒரு கரண்டியில் 25 கிராம் புரதம். விட்டமின், இரும்பு, கால்சியம் எல்லாம் இதற்குள் அடக்கம். மாத்திரை சேர்ந்தால் பவுடர் வேலை செய்யாது" என்றார்கள். அக்கா மாத்திரைகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

பவுடரைக் கரைத்துக் குடித்த கால் மணி நேரத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். பைபாஸ் செய்தவர்கள் சர்க்கரையோ, சட்டென்று சர்க்கரையாக மாறும் மாவோ சாப்பிட்டால், அது அப்படியே குடலுக்குள் இறங்கி, அங்கே தண்ணீரை இழுத்துக்கொண்டு இப்படிச் செய்யும். டாக்டர்கள் இதை டம்பிங் என்கிறார்கள். ஆலோசகரிடம் கேட்டபோது அவர் சொன்ன பதிலை என்னால் மன்னிக்கவே முடியாது: "உடம்பில் தேங்கிய கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி, தொடர்ந்து குடியுங்கள்."

அக்காவும் தொடர்ந்தாள். பிறகு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது, எழுந்து நின்றால் தலை சுற்றியது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. எடை வேகமாகக் குறையும் முதல் மாதங்களில் முடி உதிர்வது பலருக்கும் உண்டு என்பதால் அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் இரும்பும் தரைமட்டத்தில் இருந்தன. புரதமும் குறைவு.

அன்று இரவு அந்த டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தேன். லேபிளின் ஓரம் லேசாகத் தடித்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி ஒற்றி எடுத்ததும் மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உரிந்துவந்தது. அடியில் வேறொரு லேபிள், குழந்தைகளுக்கான சத்துப் பானம் என்று. சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது சட்டென்று சர்க்கரையாக மாறும் மாவுப் பொருள்; இரண்டாவது சர்க்கரையேதான். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. 100 கிராமில் புரதம் 14 கிராம். அப்படியென்றால் 30 கிராம் கரண்டி ஒன்றுக்கு நாலேகால் கிராம்கூட இல்லை! அக்காவுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணே இல்லை. எந்தச் சத்து டின்னை வாங்கினாலும் முதலில் அந்த எண்ணைத் தேடுங்கள், பிறகு சேர்மானப் பட்டியலின் முதல் மூன்று பெயர்களைப் படியுங்கள்.

அக்கா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். அதற்கு எந்தப் பேக்கேஜும் தேவைப்படவில்லை. கடலூர் முதுநகர்த் துறைமுகத்து மீன் இருக்கும்போது புரதத்துக்கு என்ன பஞ்சம்? சுறாவை வேகவைத்து, தோலுரித்து, உதிர்த்துப் புட்டாகச் செய்து கொடுத்தால் அவளுக்கு மெல்லவும் எளிது, சிறு இரைப்பையும் தாங்குகிறது. முட்டை, பன்னீர், கெட்டித் தயிர், குழைந்த பருப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, சோறு கடைசியில் இரண்டு வாய். நிதானமாக மென்று சாப்பிடுகிறாள். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தண்ணீர். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீ கூடவே கூடாது. கால்சியத்தில் சிட்ரேட் வகையைத்தான் டாக்டர் எழுதியிருக்கிறார். அது உறிஞ்சப்பட இரைப்பை அமிலம் அவசியமில்லை. உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "திறந்த டின்னை எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்றார்கள். விடாமல் கேட்டபோது, "நீங்கள் தமிழ்நாடு, நாங்கள் புதுச்சேரி. உங்கள் புகார் இங்கே செல்லாது" என்று மிரட்டினார்கள். இது முழுப் பொய். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். அதற்கும் அவர்கள் அசையாததால் இப்போது கடலூரில் மனு தாக்கல் செய்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஸ்டிக்கர் ஒட்டிய டின் இருந்தால் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மிச்சப் பவுடரோடு மூடி வையுங்கள். பணம் கட்டிய ரசீது, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்திகள், ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் அதோடு சேர்த்து வையுங்கள். நிறுத்திய மாத்திரைகளை எப்படி மறுபடி தொடங்குவது என்று நாளைக்கே டாக்டரைப் பார்த்துக் கேளுங்கள்.