பறவைக் கூண்டுக்கு ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

முந்தாநாள் இரவு என் மூன்று ஃபின்ச் குருவிகள் செத்துவிட்டன. போன பணம் 7,400 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வழக்கம்போல விட்டுவிடுவேன்.

எங்கள் வீடு ஏற்காட்டில். கொல்லையில் ஆறடிக்கு நாலடிக் கம்பிவலைக் கூண்டு, அதில் பதினான்கு ஜீப்ரா ஃபின்ச்கள். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை இது; வெறும் குளிரை ஓரளவு தாங்கும். மலைமேல் டிசம்பரில் மேகமே வீட்டுக்குள் வந்துவிடும். இறகு நனைந்து, கூடவே காற்றும் அடித்தால் தாங்காது. இத்தனை நாளும் சாக்குப்படுதா கட்டிச் சமாளித்தவன், இந்த ஆண்டு நல்லபடியாகச் செய்யலாம் என்று கிளம்பினேன். யார் கேட்டார்கள்?

சேலத்தில் ஒரு வளர்ப்புப் பறவைக் கடை. பெயர் எழுதப் போவதில்லை. இறகை உப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒரு பெட்டையைச் சின்னக் கூண்டில் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் மல்லாத்தி, நெஞ்சில் மெல்ல ஊதி இறகை விலக்கினார். எலும்பை விரலால் தடவிப் பார்த்து, "இளைத்துவிட்டது அண்ணா, குளிர்தான்" என்றார். அந்த ஊதலில்தான் விழுந்தேன். பறவையோடு பழகிய கை என்று நம்பிவிட்டேன். மூலையில் நம் ஊர்ச் சில்லைக் குருவிகளையும் விற்பனைக்கு அடைத்து வைத்திருந்தார். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டப்படி அது குற்றம். அதைப் பார்த்ததுமே திரும்பியிருக்க வேண்டும்.

ஹீட்டர் தகடு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், நாலு பக்கமும் மூட பிளாஸ்டிக் திரை, எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். யுபிஐயில் அனுப்பினேன். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

இருபது டிகிரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். இரவு இரண்டு மணிக்குச் சிறகு அடிக்கும் சத்தம். டார்ச் அடித்தால், எல்லாம் அலகைத் திறந்துகொண்டு, சிறகை உடம்பில் ஒட்டாமல் விரித்து மூச்சிரைக்கின்றன. வெளியே 13 டிகிரி, உள்ளே 39. திரையைக் கிழித்தெறிந்தேன். மூன்று தரையில் கிடந்தன. அவர் ஊதிப் பார்த்த பெட்டையும் அதில் ஒன்று.

காலையில் தெர்மோஸ்டாட்டைத் திருப்புளியால் திறந்தேன். முன்னால் திருகு அழகாக 'டிக் டிக்' என்று திரும்புகிறது. பின்னால் அதற்கு ஒரு கம்பிகூட இல்லை. கரண்ட் வரும் வயரையும் ஹீட்டருக்குப் போகும் வயரையும் நேராகச் சேர்த்து முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள். வெப்பத்தை உணரும் கம்பி என்று வெளியே தொங்கியது, பசையால் ஒட்டிய வெறும் வால்.

போன் செய்தேன். "அப்படி ஆகாதே அண்ணா." மறுபடி செய்தேன். கம்பெனியில் கேட்கிறாராம். மூன்றாம் முறை ஒரு பையன் எடுத்து, முதலாளி வெளியூர் என்றான். இன்று காலை இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனால், வெளியூர் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். நானே திறந்துவிட்டதால் வாரண்டி போய்விட்டதாம். "மூன்று பறவைதானே அண்ணா, ஜோடி விலை குறைத்துத் தருகிறேன்" என்றார். 7,400 ரூபாய்க்குப் பதிலாக இரண்டு கிலோ தினையும் தருவாராம்.

குளிர்காலத்துக்குக் கூண்டைத் தயார்செய்வது பற்றி விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது இவ்வளவுதான் வருகிறது. ஹீட்டரை முதலில் காலிக் கூண்டில் ஓர் இரவு முழுக்க ஓட்டி, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். திரையின் மேல்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்கள்; என் திரையில் உள்ளே நீர் கோத்துத் தீனியில் சொட்டியது. நான்-ஸ்டிக் பாத்திரத்துப் பூச்சு உள்ள வெப்ப பல்புகள் வேண்டாம், சூடேறினால் அந்தப் புகையே பறவையைக் கொல்லும். முட்டையிடக் கட்டிய பானைகளைக் கழற்றிவிடுங்கள், குளிரில் பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கும். பில் வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். பில் இல்லை, யுபிஐ ரசீதுதான் இருக்கிறது. பழைய சாக்குப்படுதாவை மறுபடி கட்டியாயிற்று. கூண்டில் பதினொன்று.