ஸ்டேப்ளர் வாங்குமுன் பின்னின் எண்ணைப் பாருங்கள்

ஸ்டேப்ளரை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்தையும் கைப்பிடியையும் பற்றியே எழுதுகிறார்கள். ஆனால் ஒரு ஸ்டேப்ளர் எந்த வேலைக்கு உதவும் என்பதை முடிவு செய்வது அது ஏற்கும் பின்தான். பின் பெட்டியில் 24/6 என்று அச்சிட்டிருந்தால், முதல் எண் கம்பியின் கேஜையும் (தடிமனைக் குறிக்கும் எண்), இரண்டாம் எண் காலின் நீளத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கும். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும் என்பதால், 26/6 பின் அதே நீளம் கொண்டிருந்தும் சற்று மெல்லியது.

பத்தாம் எண் பின் (இந்தப் பத்து கேஜ் அல்ல, அளவின் பெயர்) போடும் சிறிய ஸ்டேப்ளர் பென்சில் பெட்டியிலும் அடங்கும். பத்துத் தாள்வரை குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் திணித்தால் பின் பாதியில் வளைந்து வாயில் சிக்கிக்கொள்ளும். மேசைக்கு நான் பரிந்துரைப்பது 24/6 பின் ஏற்கும், உலோக உடல் கொண்ட நடுத்தர ஸ்டேப்ளர்தான். வழக்கமான 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் இருபதை அது சிரமமின்றித் தைக்கிறது. இவற்றில் பலவற்றின் அடித்தட்டைத் திருப்பி வைக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அப்படித் திருப்பினால் கால்கள் உள்ளே மடியாமல் வெளிப்பக்கம் விரியும். பின்னர் பிரிக்க வேண்டிய தாள்களிலிருந்து பின்னைக் கிழிசலின்றி உருவிவிடலாம். கோப்புகளை அடுக்கி வைப்பவர்கள், கால்களைத் தாளோடு தட்டையாகப் படியவைக்கும் வகைக்குக் கூடுதலாகச் செலவிடலாம். அடுக்கின் ஒரு மூலை மட்டும் புடைத்து நிற்பது வெகுவாகக் குறையும்.

தடித்த கட்டுகளுக்கான பெரிய ஸ்டேப்ளர் 23 வரிசைப் பின்களைக் கேட்கும். 23/8, 23/13 எனக் கட்டின் கனத்துக்கேற்பக் காலின் நீளத்தை மாற்ற வேண்டும். குட்டையான பின் மறுபக்கம் மடியாது, அளவுக்கு மீறி நீண்டதன் கால்கள் ஒன்றையொன்று தாண்டி மேலே குத்தி நிற்கும். என்றாவது ஒருநாள் தேவைப்படும் என்பதற்காக இதை வாங்குவது வீண். சிறு நூலின் நடு மடிப்பில் பின் அடிக்க நீளக்கை ஸ்டேப்ளர் வேண்டும். மரச்சட்டத்தில் துணியைப் பதிக்க, அடித்தட்டே இல்லாத ஸ்டேப்ளர் கன் வேண்டும்.

பின்னில்லாத ஸ்டேப்ளர், தாளையே நாக்குப்போல வெட்டி மடித்துச் செருகுகிறது. கம்பி இல்லாததால் தாள்களை அப்படியே மறுசுழற்சிக்குப் போடலாம். ஆனால் இவற்றில் பல நான்கைந்து தாளுக்கு மேல் தாங்காது, மூலையில் ஓட்டையும் விழும் என்பதால் முக்கிய ஆவணங்களுக்கு நான் அதைப் பயன்படுத்துவதில்லை.