கீமோ முடிந்த நாய்க்கு "முடி வளர்க்கும் பேக்கேஜ்": தயவுசெய்து ஏமாறாதீர்கள்

ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஹஸ்கி மாதிரி புசுபுசுவென்று முடி உள்ள நாய் வளர்ப்பவர்கள் இதை முழுதாகப் படியுங்கள். ஆபரேஷனோ கீமோவோ முடிந்து, ஷேவ் பண்ணின இடத்தில் இன்னும் முடி வரவில்லையே என்று கவலையில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். அந்தக் கவலையை வைத்துத்தான் என்னிடம் 14,500 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனால் போகட்டும். என் நாய் இரண்டு ராத்திரி டிரிப்ஸ் ஏறக் கிடந்தாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அவள் பெயர் வெள்ளச்சி. இந்தியன் ஸ்பிட்ஸ், அப்போது ஒன்பது வயது, எட்டு கிலோ. 2023 அக்டோபரில் குளிப்பாட்டும்போது கடைசி முலைக்காம்புக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அவளுக்குக் கருத்தடை செய்யாமலே விட்டிருந்தோம். முதல் ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) முன்பே செய்திருந்தால் இந்தக் கட்டி வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று டாக்டர் சொன்னார். குட்டியாக இருந்தபோது ஒருவரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பெண் நாய் வாங்கியிருப்பவர்கள் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நவம்பரில் ஒரு பக்கத்து மடிவரிசையை முழுதாக எடுத்தார்கள். பயாப்சியில் புற்றுநோய் என்று வந்தது, நிணநீர் முடிச்சிலும் பரவியிருந்தது. அதனால் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ ஊசி நான்கு தடவை, மூன்று வாரத்துக்கு ஒன்று. ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக இருக்கும் மருந்து. நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே அழுகிப்போகும் என்பதால், மருந்து ஏறி முடியும் வரை டாக்டர் அவள் காலை விட்டுக் கையை எடுக்க மாட்டார். ஆபரேஷனுக்காக நெஞ்சிலிருந்து தொடை இடுக்கு வரைக்கும், விலாவில் பாதி வரைக்கும் ஷேவ் பண்ணியிருந்தார்கள். ஊசி போட முன்னங்கால் இரண்டிலும் சதுரமாக ஒரு பட்டை.

முதல் ஊசியன்றே டாக்டர் ஒன்று சொன்னார். "மனுஷங்களுக்கு மாதிரி இவங்களுக்குக் கொத்துக் கொத்தா கொட்டாதும்மா. பூடில், ஷிட்சூ மாதிரி முடி வளர்ந்துக்கிட்டே இருக்கிற ஜாதிக்குத்தான் அப்படிக் கொட்டும். இவளுக்கு மீசை முடி வேணா போகும். ஆனா ஷேவ் பண்ணின இடம் ரொம்ப மெதுவாத்தான் வரும், பொறுமையா இருங்க." அன்றைக்கு அவள் பிழைத்தால் போதும் என்ற நினைப்பில் இருந்தேன். முடியைப் பற்றி அவர் சொன்னது மனதில் பதியவில்லை.

பிப்ரவரியில் கடைசி ஊசி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். வீட்டில் எல்லோரும் அழுதோம். அப்புறம் மார்ச் போனது, ஏப்ரல் வந்தது, வயிறும் விலாவும் அப்படியே வெறும் தோலாக இருந்தது. காலில் இருந்த சதுரத்தில்கூட பூஞ்சை மாதிரி லேசாக ஏதோ வந்ததே தவிர முடி என்று சொல்ல முடியாது. வாக்கிங் போனால், "சொறி நாயா? ஏன் வெளியே கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்கள். கேன்சர் திரும்ப வருகிறதோ என்று எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது.

அந்த நிலைமையில்தான் எங்கள் ஏரியாவில் இருக்கும் ஒரு க்ரூமிங் கடைக்குப் போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. நகம் வெட்டத்தான் போனேன். அங்கே டாக்டர் மாதிரி பச்சை உடை போட்ட ஒருவர் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, கீமோல வேர் செத்துப்போச்சு. இப்பவே கவனிக்கலைன்னா இனிமே முடியே வராது" என்றார். மற்ற இடங்களில் முடி இருக்கிறதே என்று கேட்டேன். அதுவும் மூன்று மாதத்தில் கொட்டிவிடும் என்றார். மொத்தமாக ஷேவ் பண்ணிவிட்டு, வாரம் ஒரு எண்ணெய் மசாஜ், தினம் இரண்டு வேளை ஒரு ஸ்பிரே, பயோட்டின் மாத்திரை என்று மூன்று மாத பேக்கேஜ். "ஷேவ் பண்ணினாத்தான் ஒரே சீரா வளரும், கோடைக்கும் குளுகுளுன்னு இருக்கும்."

நான் ஒத்துக்கொண்டேன். அவளுடைய டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

ஒரு மணி நேரம் கழித்து அவளை வெளியே கூட்டிவந்தார்கள். கழுத்திலிருந்து வால் அடி வரைக்கும் மழித்திருந்தார்கள். ரோஸ் நிறத் தோல், அங்கங்கே மிஷின் சூடுபட்டுச் சிவந்த கோடுகள். பாதி எடையாகிவிட்டது போல இருந்தாள். என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டாமல் நேராகக் காலுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

ஸ்பிட்ஸ் நாய்க்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு உண்டு. வெயில் தோலில் நேராகப் படாமல் காப்பதும் அந்த அடுக்குதான். அது எனக்கு அப்போது தெரியாது. மே மாத சென்னை வெயிலில் மொட்டை மாடிக்குக் கொஞ்ச நேரம் போனதற்கே முதுகுத்தோல் சிவந்து உரிந்தது. கடைக்கு போன் போட்டால், "புதுத் தோல் வருது மேடம், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

ஸ்பிரே ஆரம்பித்து நான்காம் நாள் ராத்திரி பத்து மணிக்கு வாந்தி எடுத்தாள். பதினொரு மணிக்கு இன்னொரு தடவை. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. ஈறு வெளுத்துப் போயிருந்தது. நெஞ்சில் கை வைத்தால் இதயம் படபடவென்று அடிப்பது தெரிந்தது. வீட்டுக்காரர் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொள்ள, ராத்திரி திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்கு ஓடினோம்.

அங்கிருந்த டாக்டர் பழைய ஃபைலைப் பார்த்ததும் டாக்ஸோரூபிசின் என்ற பெயரில் நின்றுவிட்டார். அந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது, ஊசி முடிந்து பல மாதம் கழித்தும் அது தலைகாட்டலாம். ஈசிஜி எடுத்தார், காலையில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னார். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. "தோலுக்கு ஏதாவது போடுறீங்களா?" என்று கேட்டார். மூலிகை ஸ்பிரே என்றேன். என்னிடம் சொன்னதும் அதுதான், பாட்டிலில் ஒட்டியிருந்ததும் அதுதான்: ஒரு இலைப் படம், கடையின் பெயர், "ஹெர்பல்" என்ற வார்த்தை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது.

மறுநாள் அந்த பாட்டிலை அவளுடைய ஈரத்துண்டோடு ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டிக்கர் ஈரத்தில் ஊறி ஓரம் தூக்கியிருந்தது. டாக்டர் நகத்தால் சுரண்டி மெதுவாக உரித்தார். அடியில் இன்னொரு லேபிள். ஆண்கள் வழுக்கைக்குத் தலையில் தடவும் லோஷன், மினாக்சிடில் 5 சதவீதம்.

டாக்டர் விளக்கினார். மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக வந்த மருந்து. நாய் நக்கினால் உடம்புக்குள் போய் அழுத்தம் சடாரென்று இறங்கும், இதயம் வேகமாக அடிக்கும். பூனைக்கு உயிரே போகலாம். வெள்ளச்சியோ உடம்பெல்லாம் ஸ்பிரே அடித்து, நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருந்தாள். எக்கோவில் இதயத் தசை நன்றாகவே இருந்தது. அந்த லேபிளை மறைக்காமல் இருந்திருந்தால், முதல் ராத்திரியே டாக்டருக்கு விஷயம் விளங்கியிருக்கும். இரண்டு நாள் டிரிப்ஸ் போட்டு, அழுத்தம் நிலைக்கு வந்தபிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். (உங்கள் வீட்டில் யாராவது இந்த லோஷன் போட்டால், கையைக் கழுவாமல் நாயையோ பூனையையோ தொட விடாதீர்கள், தலையணையை நக்க விடாதீர்கள்.)

கடைக்குப் போய்க் கேட்டேன். முதலில் பாட்டில் எங்களுடையது இல்லை என்றார்கள். பில்லைக் காட்டினேன். "நக்காம பார்த்துக்கச் சொன்னோமே" என்றார்கள். யாரும் சொல்லவில்லை. பணத்தைக் கேட்டதற்கு, "ஆஃபர் பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது." பச்சை உடைக்காரரிடம் கால்நடை மருத்துவர் பதிவு எண் கேட்டேன். அவர் உள்ளே போய்விட்டார், அப்புறம் வெளியே வரவில்லை. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் என்றால் மாநில கால்நடை மருத்துவ மன்றத்தின் பதிவு எண் கட்டாயம் இருக்கும், கேட்டால் தயங்காமல் சொல்வார். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அவளுடைய சொந்த டாக்டரிடம் போனபோது அவர் திட்டவில்லை. மழித்த முதுகைத் தடவிக்கொண்டே, "இது வேற ஒண்ணும் இல்லம்மா, ஸ்பிட்ஸோட இயல்பு" என்றார். நம் தலைமுடியில் பெரும்பகுதி எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. கீமோ வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதால்தான் நமக்குக் கொட்டுகிறது. இந்த ஜாதி நாய்களுக்கு முடியின் வேர் பெரும்பாலான காலம் ஓய்வில் இருக்கும். அதனால் கீமோவில் கொட்டுவதில்லை. ஆனால் அதே காரணத்தால், ஷேவ் பண்ணிவிட்டால் அடுத்த வளர்ச்சிச் சுற்று ஆரம்பிக்கும் வரை வேர் அசையாது. கீமோவே கொடுக்காத நாய்க்கும் ஆறு மாதம், ஒரு வருடம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். கீமோ இருந்தால் இன்னும் தாமதம். நிறமும் கொஞ்சம் மாறி வரலாம். வேர் எதுவும் சாகவில்லை. தைத்த தழும்புக் கோட்டில் மட்டும் முடி வராது.

ரொம்ப நாள் ஆகியும் வரவில்லை என்றால் பார்க்க வேண்டியது தைராய்டு மாதிரியான ஹார்மோன் கோளாறுகளை. அதற்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார், அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. சில நாய்களுக்கு மெலடோனின் என்ற ஹார்மோன் மருந்து கொடுத்துப் பார்ப்பதுண்டு, அதுவும் டாக்டர் அளவு சொன்னால்தான். எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. வெயிலில் விடாதீர்கள், மெல்லிய பருத்தி பனியன் போட்டுவிடுங்கள், சும்மா இருங்கள் என்றார். மூன்றுக்கும் செலவு ஒரு பழைய பனியன்.

ஆபரேஷனுக்காக ஷேவ் பண்ணின வயிறும் விலாவும் 2024 செப்டம்பரில் தானாகவே மூடிக்கொண்டது. முதலில் பஞ்சு மாதிரி அடிமுடி, ஒரு மாதம் கழித்து மேல்முடி. மழிக்கவே தேவையில்லாத முதுகுதான் 2025 ஜூலை வரை இழுத்தது. இப்போது நடுமுதுகில் வெள்ளைக்கு நடுவே வெளிர் மஞ்சளாக ஒரு பட்டை இருக்கிறது. மீசை எப்போதோ வந்துவிட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் அங்கே பேசினேன், கடைக்காரர் பதிலே தரவில்லை. அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் புகார் கொடுத்தோம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் இல்லாமல் நானேதான் எழுதினேன். பில், மழித்த அன்று எடுத்த போட்டோ, கிளினிக் டிஸ்சார்ஜ் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் இணைத்திருக்கிறேன். பாட்டிலும் உரித்த ஸ்டிக்கரும் ஒரு கவரில் பீரோவில் இருக்கின்றன, அடுத்த வாய்தாவுக்கு எடுத்துப் போக வேண்டும்.