வாசலிலேயே இறங்குங்கோ

லண்டன், ரொறன்ரோ பள்ளிக்கூட விடுமுறையும் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கிற காலமும் ஒன்றாக வருவதால், யூலை, ஓகஸ்டில் திருகோணமலைக் கடற்கரைகளான உப்புவெளியும் நிலாவெளியும் பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்களால் நிரம்பிவிடும். மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு முதுகுத் தோல் உரியத் தொடங்கும். அப்போதுதான் "சரி, இண்டைக்குக் கோணேசர் கோயிலும் மியூசியமும்" என்று வான் பிடிப்பார்கள். ஏசி போட்ட வான், கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து மறுபக்கம் வர நாலு செக்கன். திருகோணமலையில் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டிய பொருள், அந்த வாசலில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு, அந்த நாலு செக்கனில் கண்ணாடிக்கு அப்பால் போய்விடுகிறது.

முந்தி இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. டவுனிலிருந்து கச்சான் கடலைச் சுருளோடு நடந்து போய், வாசல் நிழலில் கொஞ்சம் நின்று, பிறகுதான் ஏற்றம் ஏறுவது. நின்றால் கண் தானாகக் கல்லில் விழும். இப்போது நிற்பது யார்? பின்னால் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கிறார்.

கல்லைப் பற்றிச் சொல்லிவிடலாம். போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள். 1624இல் அந்தக் கற்களையும் போட்டுக் கோட்டை கட்டினார்கள். வாசல் நிலையில் வைத்த கல்லொன்றில் தமிழ் எழுத்து இருக்கிறது. பாண்டியரின் இரட்டைக் கயல் மீன் சின்னமும் அந்த வாசலிலேயே இருக்கிறது. வரிகளின் தொடக்க எழுத்துகள் உடைந்து போய்விட்டன. மிஞ்சியதில் "குள", "ருபபணியை", "பறங" என்பவை கண்ணுக்குத் தட்டுப்படும். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னால் வரும் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று ஊர் சொல்லும் பாட்டு இதுதான். நிமிர்ந்து பார்த்தால் வாசலின் மேலே இங்கிலாந்து அரச இலச்சினை. மீன், தமிழ் எழுத்து, சிங்க இலச்சினை மூன்றையும் ஒரே வாசலில் வைத்திருக்கிற ஊர் வேறு எங்கே?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சித்தாள் கிடையாது. பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்பதை மட்டும் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு "ருபபணியை" என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, எங்கே புள்ளி வரும், முன்னால் எந்த எழுத்து உடைந்திருக்கும் என்று கேட்டால் போதும். "தி" என்று பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். "பறங" என்பதற்கு "கி" சேர்த்த பிறகு, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இன்றைக்கும் பறங்கியர் என்று ஒரு சமூகம் இருப்பதைச் சொல்லலாம். லண்டன் மியூசியமாக இருந்தால் இந்தக் கல்லுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, தனி விளக்கு, பிள்ளைகளுக்குப் பென்சிலோடு ஒரு கேள்வித்தாள் என்று அமர்க்களப்படுத்தியிருப்பார்கள். இங்கே பஸ் புகை. ஆனால் அங்கே அது அலுமாரிக்குள் இருக்கும், இங்கே வைத்த இடத்திலேயே நிற்கிறது. இதற்கும் ஒரு விலை உண்டுதானே.

பார்ப்பதற்கு முறை இருக்கிறது. நேராக நின்று பார்த்தால் எழுத்து தெரியாது, வெறும் சொரசொரப்புத்தான் தெரியும். போனின் ரோச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். வெளிச்சம் சாய்ந்து விழும்போது வெட்டின் ஒரு விளிம்பில் நிழல் கட்டி எழுத்து எழும்பி வரும். ஒருவர் ரோச் பிடிக்க மற்றவர் படம் எடுத்தால், மிச்சத்தைக் ஹோட்டலில் பெரிதாக்கி வாசிக்கலாம். வெண்கட்டி பூசி எழுத்தைத் தெளிவாக்குகிற பழக்கம் சிலருக்கு உண்டு, அது கல்லைக் கெடுக்கும். வாசல் ஒடுக்கம் என்பதால் ஒரு பிள்ளையை மட்டும் கூட்டிப் போக வேண்டும், மற்றப் பிள்ளை வெளியே ஒரு பெரிய ஆளோடு நிற்கட்டும். கோட்டைக்குள் ஆமி இருப்பதால், கமராவை எடுக்கும் முன் காவலில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. சாரதியிடம் ஏறும்போதே "வாசலுக்கு வெளியிலை இறக்கிப்போட்டு நீங்கள் மேலே போய் நில்லுங்கோ" என்று சொல்லிவிட வேண்டும். வாசலில் வந்து சொன்னால் நிற்பாட்ட இடமிராது. "ஏன் பிள்ளையளை வெய்யிலிலை நடத்துறியள்" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதனால் காலை எட்டு மணிக்கு முன் அல்லது பின்னேரம் நாலுக்குப் பிறகு போக வேண்டும். நடுப்பகலில் கோயிலடியில் செருப்பைக் கழற்றினால் கால் பொரியும். கச்சான் என்று சொல்லும் வரண்ட தென்மேற்குக் காற்று வீசுகிற நாளில் தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கொன்று வேண்டும்.

அந்த நடுப்பகலை மியூசியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கடல்சார் வரலாற்று அருங்காட்சியகம் இருப்பது ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில், சுவர் தடிப்பு. கீழ்த்தளத்தில் கடல் உயிரினங்கள், மேலே கப்பலோட்டிகளின் கதை. பட்டனை அமுக்கினால் சத்தம் வருகிற மியூசியங்களுக்குப் பழகிய பிள்ளைகள் பத்து நிமிடத்தில் "வைஃபை இருக்கா" என்று கேட்கும். அதற்கு முன் ஒரு கேள்வியைக் கையில் கொடுத்துவிட வேண்டும்: 1782 என்ற ஒரே வருடத்தில் இந்தக் கோட்டையில் எத்தனை கொடி மாறியது? தொடக்கத்தில் ஒல்லாந்தர் கொடி. சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்து அவர்களிடமிருந்து பறித்தார். பிறகு ஒல்லாந்தரிடம் திரும்பிப் போய், 1795இல் ஆங்கிலேயர் கைக்கே வந்து, 1957 வரை அவர்களின் கடற்படை இருந்தது. ஏன் இவ்வளவு இழுபறி என்று பிள்ளை கேட்டால் வரைபடத்தைக் காட்டலாம்: வாடைக் காற்றில் சோழமண்டலக் கரை முழுக்கக் கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை, இங்கே மலை சூழ்ந்த ஆழமான துறைமுகம்.

கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் ஹூட் கோபுர மியூசியத்தையும் சேர்க்க நினைப்பவர்கள் கடவுச்சீட்டை ஹோட்டல் பெட்டியில் பூட்டிவிட்டு வரக்கூடாது. நிலாவெளிக்குத் திரும்பும் வழியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் யுத்தக் கல்லறை வரும். 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் குண்டு போட்டதை அங்கே வைத்துச் சொன்னால், கல்லில் இருக்கும் வயதுகளைப் பிள்ளைகளே எண்ணத் தொடங்குவார்கள்.

கோட்டை மான்கள் பற்றி ஒன்று. பிள்ளை கையில் இருக்கும் பிஸ்கற்றைவிட அது சுற்றி வந்த பொலித்தீன்தான் அவற்றுக்கு ஆபத்து, உப்பு மணத்துக்கு அதையும் சேர்த்து விழுங்கிவிடும். கச்சானைக் கடதாசிச் சுருளில் கேட்டு வாங்கலாம். சுருள் முடிந்ததும் மடித்துக் காற்சட்டைப் பொக்கற்றில்.